விடுதியைக் காலி செய்யுங்கள்

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் மாணவர் ராசேந்திரனுக்குச் சிலை இருக்கிறது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது போலீஸ் சுட்டதில் இறந்தவர் அவர். சிவகங்கையிலிருந்து படிக்க வந்த பிள்ளை. ஆண்டுதோறும் ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாளில் அவர் பெயர் தமிழ்நாடு முழுக்க மேடைகளில் ஒலிக்கிறது. அவரை விட்டுவிட்டு இந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றை எழுதவே முடியாது. இன்று இதே மாநிலத்தில் ஒரு மாணவர் கல்லூரி மரத்தடியில் நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேச நினைத்தால், முதலில் யாரிடம் மனுக் கொடுப்பது, கொடுத்தால் பதில் வருமா, பதில் வருவதற்குள் வீட்டுக்கு போன் போய்விடுமா என்றுதான் யோசிக்கிறார்.

பேச்சுரிமை, பாதுகாப்பு, நிர்வாகம் ஆகிய மூன்றையும் நாம் தனித்தனியாகப் பேசிப் பழகிவிட்டோம். ராகிங் என்றால் ஒரு குழு, பாலியல் தொல்லை என்றால் இன்னொரு குழு, போராட்டம் என்றால் காவல்நிலையம், சம்பளப் பாக்கி என்றால் கோட்டை. சிதம்பரத்தின் அறுபது ஆண்டுக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான் என்பது தெரியும். எங்கே பிள்ளைகள் வாய்திறக்க முடியவில்லையோ, அங்கே அவர்களுக்குப் பாதுகாப்பும் கிடையாது. வாய்திறந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்திலும் அதே கதிதான்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் நிறுவிய மீனாட்சி கல்லூரிதான் அதற்கு வித்து. ஆசிரியரும் மாணவரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகம். மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் இங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் தமிழ்த்துறைக்கு வந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் ராஜாஜி அரசின் கட்டாய இந்தியைப் பகிரங்கமாக எதிர்த்தார். நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே தமிழ் படித்தவர்கள். 1940களில் இந்த விடுதி அறைகளில் இரவெல்லாம் நடந்த வாதங்களிலிருந்துதான் பின்னாளில் மேடைகளை ஆண்ட பேச்சாளர்கள் பலர் கிளம்பினார்கள். ராஜா பட்டம் பெற்ற குடும்பத்துப் பணத்தில் கட்டிய வளாகத்தில் ஜமீனையும் பழமையையும் எதிர்த்துப் பேசினார்கள். அப்படிப் பேசியதற்காக யாரும் அந்தப் பல்கலைக்கழகத்தை இழுத்து மூடவில்லை என்பதை மறக்கக் கூடாது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் தயாராக இல்லை. 1965ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டம் கொடுத்த பதினைந்து ஆண்டு அவகாசம் அந்த ஜனவரி 26இல் முடிந்து, இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் என்ற அச்சம் மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மதுரையில் 25ஆம் தேதி கைகலப்பு, இரண்டே நாளில் சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு. பக்தவத்சலம் அரசு கல்லூரிகளை மூடியது. மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் போராட்டம் கலைந்துவிடும் என்பது கணக்கு. நடந்தது வேறு. ஊருக்குப் போன பிள்ளைகள் ஊரையே எழுப்பினார்கள். நகரங்களில் மூண்ட நெருப்பு கிராமம் கிராமமாகப் பரவியது. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11இல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் வாக்குறுதி தர வேண்டி வந்தது. 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர், இந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற பெ. சீனிவாசன் என்ற இளைஞர்.

அன்று மாணவர் பேச்சுக்கு விலை உயிர். விலை பெரிது. ஆனால் அந்தப் பேச்சை ஒரு பிரதமர் கேட்டார், ஒரு தேர்தல் கேட்டது.

ஆறே ஆண்டில் காட்சி மாறியது. 1965 மாணவர் எழுச்சியின் பலனாக ஆட்சிக்கு வந்த கட்சியின் முதல்வர் கருணாநிதிக்கு 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். வளாகத்துக்குள் போலீஸ் வந்தது, தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடைத்தது. விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அதன்பிறகும் சர்ச்சை ஓயவில்லை. இன்றைக்கும் தேர்தல் வந்தால் ஒரு தரப்பு அந்தப் பெயரை எடுக்கிறது, மறுதரப்பு மறுக்கிறது. ராசேந்திரனைப் போற்றுகிற ஊரில் உதயகுமார் வாதப் பொருளாகவே நின்றுபோனார். மாணவர் பேச்சு நமக்குச் சாதகமாக இருக்கும்போது தியாகம், நம்மை நோக்கித் திரும்பும்போது கலகம் என்று பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அங்கேதான் வேர்விட்டது என்று நினைக்கிறேன். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல.

இனி பாதுகாப்புக்கு வருவோம். ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?’ என்று சொல்கிற பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். இருந்தது. பெயர் இல்லாமல் இருந்தது. சீனியர்கள் ஜூனியர்களை நிற்கவைத்து அவமானப்படுத்துவதற்கு அன்று ‘அறிமுகம்’ என்று பெயர். வார்டனிடம் சொன்னால் ‘ஆம்பளைப் பையன்தானே, தாங்கிக்கோ’ என்பார். பெண்களுக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கு இடமே இல்லை. சொன்னால் அடுத்த வாரம் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். படிப்பு அத்தோடு சரி. ஆகவே அன்றைய பாதுகாப்பு என்று நாம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அன்றைய மௌனம்தான்.

அந்த மௌனம் உடைந்தது 1996 நவம்பரில், அதுவும் அண்ணாமலை நகரில். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு 6ஆம் தேதி காணாமல் போனார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் பொன்னுசாமியின் மகன். ராகிங்கில் தொடங்கிய கொடுமை கொலையில் முடிந்தது. உடலின் ஒரு பகுதி சென்னையில் நகரப் பேருந்தில் கிடந்த விவரத்தை அன்று நாளிதழ் படித்த யாராலும் மறக்க முடியாது. ஒரு துணைவேந்தரின் பிள்ளைக்கே விடுதியில் பாதுகாப்பில்லை என்றால் செங்கல்பட்டு விவசாயியின் பிள்ளைக்கு என்ன இருக்கும் என்று தாய்மார்கள் கேட்டார்கள். வழக்கு 1998இல் கடலூரில் தண்டனை, 2001இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் ஆயுள் தண்டனை என்று பதினைந்து ஆண்டு இழுத்தது.

அந்தச் சாவு தமிழ்நாட்டுக்கு ஒரு சட்டத்தைக் கொடுத்தது. 1996 டிசம்பரில் அவசரச் சட்டம், 1997இல் ராகிங் தடைச் சட்டம். ராகிங் செய்தால் 2 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். எவ்வளவு பெரிய வார்த்தை! ‘ராகிங் செய்தால் சிறை’ என்ற பலகையைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் பார்க்கிறோம். ‘புகாரைக் கிடப்பில் போட்டால் முதல்வரும் குற்றவாளி’ என்ற பலகையை எந்த வாசலிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டே இன்னொரு மரணம், இன்னொரு சட்டம். 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா தெருவில் இளைஞர்களின் சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்தார். பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம் அவசரமாக வந்தது. 2009இல் இமாச்சலத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ ராகிங்கில் இறந்த பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறை கொண்டுவந்தது, உதவி எண் வைத்தது. நம் கல்வி வளாகங்களின் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்கு அடியிலும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கும்போது சொன்னதைக் கேட்டு வந்த விதி எது என்று தேடிப் பாருங்கள்.

அந்த 2009 விதிமுறைப்படி மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தர வேண்டும். இது நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? அட்மிஷன் சமயத்தில் ஏதாவது ஒரு கல்லூரிக்கு எதிரே இருக்கும் நெட் சென்டரில் அரைமணி நேரம் உட்காருங்கள். அப்பா வெயிலில் வந்த களைப்போடு நிற்கிறார். கையில் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் அடங்கிய பிளாஸ்டிக் உறை. கணினி முன்னால் இருக்கும் தம்பி படபடவென்று தட்டுகிறார். பெற்றோர் மின்னஞ்சல் என்ற கட்டத்தில், ‘அண்ணே, மெயில் ஐ.டி. இருக்கா?’ என்று கேட்கிறார். அப்பாவிடம் இல்லை. தம்பி தன் கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி, ஐம்பது ரூபாய் என்கிறார். நாளைக்கு அந்தப் பையனுக்கு ஏதாவது ஒன்று என்றால் எச்சரிக்கை போய்ச் சேரும் இடம் அந்த நெட் சென்டர். இதில் அந்தத் தம்பியின் குற்றம் எதுவுமில்லை. படிவம் நிரம்பியதா என்று மட்டும் கேட்கிற நிர்வாகத்துக்கு அவர் படிவத்தை நிரப்பித் தருகிறார்.

இன்றைய பல்கலைக்கழக நிர்வாகத்தின் குணம் எனக்கு இதில்தான் முழுசாகத் தெரிகிறது. குழுக்கள் எல்லாம் இருக்கின்றன, காகிதத்தில். விசாகா கமிட்டி என்று நாம் சொல்கிற உள்புகார்க் குழு 2013 சட்டப்படி கட்டாயம். அதன் உறுப்பினர்கள் யார், வெளியிலிருந்து வந்த உறுப்பினர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று மாணவிகளிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தலையை ஆட்டி ‘தெரியாது சார்’ என்பார்கள்.

மீண்டும் சிதம்பரம். 2012 கடைசியில் பல்கலைக்கழகம் கடன் சுமையில் திணறுவது வெளிப்பட்டது. ஊழியர்களுக்குச் சம்பளக் குறைப்பு என்றார்கள். ஆசிரியர்களும் ஊழியர்களும் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். 2013 ஏப்ரலில் தமிழக அரசு நிர்வாகியாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நியமித்தது. அந்த ஆண்டே தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது. எண்பதாண்டுக் குடும்ப ஆட்சி முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அங்கே இருந்தார்கள். தேவைக்கு மேல் எத்தனையோ மடங்கு. அவர்களைத் தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அந்தப் பத்தாயிரம் பேர் எப்படி வேலைக்கு வந்தார்கள், பணம் எங்கே போனது என்பதற்கு முழுக் கணக்கு மக்கள் முன்னால் வைக்கப்பட்டதா? இல்லை. அஞ்சல்வழிக் கல்வியில் நாடு முழுக்கப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம், உரிய அங்கீகாரம் இல்லாமல் நடத்திய தொலைநிலைப் படிப்புகள் செல்லாது என்று 2022இல் மானியக் குழு அறிவிக்கும் நிலைக்கு வந்தது. நிர்வாகம் செய்த தவறுக்குச் சான்றிதழோடு நின்றவர்கள் மாணவர்கள்.

இந்த நிர்வாகக் குளறுபடியிலிருந்து பிறந்ததுதான் 2020 டிசம்பர் போராட்டம். என் கணக்கில், 1965க்குப் பிறகு அந்த வளாகத்தில் நடந்த மிக முக்கியமான மாணவர் போராட்டம் அதுதான். அரசு எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவர் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 5 லட்சத்துக்கும் மேல். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது 13,000 ரூபாய்ச் சொச்சம். பட்டமேற்படிப்புக்கு இன்னும் அதிகம். கொரோனா வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்த பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களும் வெள்ளைக் கோட்டோடு தரையில் உட்கார்ந்தார்கள். மார்கழிப் பனியில், சுழற்சி முறையில், நோயாளிகளைக் கைவிடாமல் உட்கார்ந்தார்கள். கல் எறியவில்லை, பேருந்தை மறிக்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்று: அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்குங்கள்.

ஒரு மாதம் தாண்டிய பிறகு நிர்வாகத்தின் பதில் வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை கல்லூரிக்கு விடுமுறை, உடனடியாக விடுதியைக் காலி செய்யுங்கள். மெஸ் மூடப்பட்டது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள் என்று மாணவர்கள் புகார் சொன்னார்கள். மாணவிகளும் இருந்த விடுதி அது, கொரோனா காலம் வேறு. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று இரவு எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிற அதே நிர்வாகத்துக்கு, பிள்ளைகள் கேள்வி கேட்டதும் அவர்களை மூட்டை முடிச்சோடு தெருவில் நிறுத்துவது பாதுகாப்புக் குறைவாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் போகவில்லை. போராட்டம் ஐம்பது நாளைத் தாண்டியது. 2021 ஜனவரி இறுதியில் அரசு இறங்கி வந்தது. கல்லூரி உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கியது. அந்த மாணவர்கள் தங்களுக்காக மட்டும் பேசவில்லை. அவர்களுக்குப் பின் அங்கே சேரும் ஒவ்வொரு ஏழைப் பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

‘விடுதியைக் காலி செய்’ என்ற உத்தரவு அறுபது ஆண்டாக மாறவேயில்லை. 2023 மார்ச்சில் சென்னை கலாக்ஷேத்ராவில் பாலியல் தொல்லைக்கு எதிராக மாணவிகள் திரண்டபோதும் முதலில் வந்தது அதுதான். கல்லூரிக்கு விடுமுறை, விடுதியிலிருந்து கிளம்புங்கள். புகார் சொன்னவர்கள்தான் வெளியேற வேண்டும். அவர்கள் அசையாமல் இருந்ததால்தான் மகளிர் ஆணையமும் காவல்துறையும் உள்ளே வந்தன. சில நாளில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த பேராசிரியையின் குரல் நாடு முழுக்கக் கேட்டது. மாணவிகள் மறுத்ததும் பேச்சு பதிவானதும்தான் அந்த வழக்குக்கு உயிர். 2024இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை. இரண்டு இடத்திலும் பிள்ளைகளைக் காத்தது அவர்களின் வாய்தான். எந்தக் கமிட்டியும் முதலில் எழுந்து நிற்கவில்லை.

பேச்சுக்கு இன்று துப்பாக்கி கிடையாது. அது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. துப்பாக்கியின் இடத்தில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். பெயர் போடாத ஒரு புகார்க் கடிதத்தை மத்திய அமைச்சகம் அனுப்பி வைத்ததுதான் தொடக்கம். எதிர்ப்பு கிளம்பவும் அடுத்த மாதமே திருப்பிக் கொடுத்தார்கள். 2017இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக இதழியல் மாணவி ஒருவர் துண்டறிக்கை கொடுத்ததற்காகக் கைதாகி, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். பல்கலைக்கழகம் அவருக்காக ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாக அவரை இடைநீக்கம் செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காவலை ரத்து செய்ய வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் அமைப்பின் புகாரை ஏற்று, அருந்ததி ராயின் நூலை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. படிக்க வைத்து விவாதிக்க வேண்டிய இடம், படிக்காமல் நீக்கியது.

2023 ஜூனில் வந்த ஒரு சுற்றறிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆளுநர் கலந்துகொள்ளும் பட்டமளிப்பு விழா. விழாவுக்கு வருகிறவர்கள் கறுப்பு நிற உடை அணிய வேண்டாம் என்று பதிவாளர் அலுவலகம் அறிவித்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியார். அவர் தன் அடையாளமாக உடுத்திய சட்டையின் நிறம் கறுப்பு. கண்டனம் வலுத்ததும் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் அந்தக் காகிதம் தட்டச்சாகி, கையெழுத்தாகி, முத்திரை குத்தப்பட்டு வெளியே வந்ததே! வழியில் ஒரு அலுவலர்கூட ‘இது நம் பல்கலைக்கழகத்துக்கு அடுக்குமா?’ என்று கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கேட்டால் மெமோ வரும் என்ற பயம். சோமசுந்தர பாரதியார் உட்கார்ந்த நாற்காலிகளில் இன்று மெமோவுக்கு அஞ்சுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது சுலபம். பத்தாண்டு பதினைந்தாண்டு தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிற கௌரவ விரிவுரையாளர் எந்தத் தைரியத்தில் கேள்வி கேட்பார்?

துணிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2025 ஆகஸ்டில் நெல்லைப் பட்டமளிப்பு விழாவில் ஓர் ஆய்வு மாணவி, மேடையில் நின்ற ஆளுநர் ஆர்.என். ரவியைக் கடந்து போய்த் துணைவேந்தரிடம் பட்டத்தை வாங்கிக்கொண்டார். 1971இல் பட்டமளிப்பை எதிர்த்த மாணவர்களுக்கு நேர்ந்தது அவருக்கு நேரவில்லை. அதே மேடையிலேயே பட்டத்தோடு இறங்கினார். இந்த மாற்றம் நல்ல மாற்றம்.

அந்த மேடையில் பட்டம் கொடுக்க ஒரு துணைவேந்தராவது இருந்தார். அப்போது பல இடங்களில் அதுவும் இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022இலேயே முடிந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நாற்காலிகள் காலியாக, ஒருங்கிணைப்புக் குழு என்ற பெயரில் கோட்டையிலிருந்து செயலாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்ற சண்டை. அரசு 2022இல் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் நிறுத்தி வைத்தார். 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. மே மாதம் உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. இதற்கிடையில் 2024இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக் கணக்கில் சம்பளம் இல்லை என்று ஓய்வூதியர்கள் வாசலில் நின்றார்கள். துணைவேந்தர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. 2018இல் லஞ்சம் வாங்கியதாகக் கைதானவரும் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர்தான். ஆனால் பொறுப்பில் ஒருவர் இருந்தால் அவரைக் கேள்வி கேட்கலாம், கைதுகூடச் செய்யலாம். காலி நாற்காலியை யார் கேட்பது?

2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது அங்கே அப்படித்தான் இருந்தது. துணைவேந்தர் இல்லாமல் நாலு மாதம். வெளியாள் ஒருவன் சர்வசாதாரணமாக உள்ளே வந்து போயிருக்கிறான். கேமராக்களில் வேலை செய்யாதவை பல என்று செய்தி வந்தது. அந்தப் பெண் மறுநாளே கோட்டூர்புரம் காவல்நிலையத்தில் புகார் கொடுத்தார். எத்தனை உறுதி வேண்டும் அதற்கு! அவருக்குக் கிடைத்த கைம்மாறு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்டு சிறப்புக் குழு அமைத்தது. கசிவுக்காக அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2025 ஜூன் 2இல் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. நாவரசு வழக்கில் பதினைந்து ஆண்டு பிடித்தது, இதில் ஐந்தே மாதம் சொச்சம். அந்தப் பெண் அன்று புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் அகப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அதன்பிறகு எல்லா வளாகங்களிலும் வாசல் கெடுபிடி கூடியது. ஐ.டி. கார்டு, பதிவேடு, புதுக் கேமரா. வேண்டியவைதான். ஆனால் மாணவர் பேரவைத் தேர்தல் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நடப்பதில்லை. ஆட்சிக்குழுவில் மாணவர் குரல் இல்லை. விடுதிப் பின்பக்கம் விளக்கு எரியவில்லை என்பதை முதலில் பார்ப்பது அங்கே நடந்துபோகும் மாணவிதான். அவர் சொல்ல ஒரு இடமும், சொன்னதைக் கேட்டு மறுநாள் பல்பு மாட்ட ஒரு ஆளும் இல்லாதவரை, நூறு கேமரா வைத்தும் பயனில்லை. அறுபது ஆண்டில் நம் வளாகங்கள் பிள்ளைகளைக் கண்காணிக்க நன்றாகக் கற்றுக்கொண்டன. அவர்கள் சொல்வதைக் கேட்கக் கற்கவில்லை.

அடுத்த அட்மிஷனுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிற அம்மா அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டண விவரமும் வேலைவாய்ப்பு விவரமும் கேட்கிற அதே வாயால், உள்புகார்க் குழுத் தலைவர் யார், அவர் எண் என்ன என்று கேளுங்கள். மாணவர் பேரவைத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். துணைவேந்தர் பெயரைக் கேளுங்கள். ராகிங் உறுதிமொழிப் படிவத்தில் உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை போராட்டத்தில் உட்கார்ந்திருப்பதாக நிர்வாகத்திடமிருந்து போன் வந்தால், உடனே திட்டாதீர்கள். எதற்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று முதலில் அவனிடம், அவளிடம் கேளுங்கள்.